‘காய்ச்சல் இல்லை’ என்று நான் எழுதிய காலை

“முடக்கம் 28ஆம் நாள், செவ்வாய். காலை 9.40. பெண் குழந்தை, வயது ஆறு, தேவனாம்பட்டினம். வெப்பம் 98.4. காய்ச்சல் இல்லை.”

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இருந்த வருகைப் பதிவேட்டின் ஒரு வரி இது. கையெழுத்து என்னுடையது. ஓய்வு பெறுவதற்கு முன் இந்த வரியை என் நோட்டில் படியெடுத்துக்கொண்டேன். நாள், கிழமை, மணி, வயது, ஊர், வெப்பமானி காட்டிய எண் எல்லாம் சரி. கடைசி இரண்டு சொற்கள் தவறு.

செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் நன்றாகச் செய்தவை சில உண்டு. அவற்றை யாரும் எழுதலாம். இந்த வரியை நான்தான் எழுத வேண்டும்.

முதலில் அந்த ‘28ஆம் நாள்’. 2020 மார்ச்சில் பொது முடக்கம் தொடங்கிய புதன்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். தேதிகளைக் குறித்து வைப்பது சிறு வயதிலிருந்தே எனக்குள்ள பழக்கம். கடலூரில் என் வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக் குடியிருப்பிலேயே தங்கியிருந்த அந்த வாரங்களில், தேதியைவிட இந்த எண்தான் எனக்கு எதையாவது சொன்னது.

எங்கள் வார்டு புற்றுநோய்க்கான வார்டு அல்ல. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்த்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நடக்கும். தினமும் மாத்திரை, மாதம் ஓர் ஊசி. குழந்தை ஓடியாடிக்கொண்டிருப்பதால் நோய் போய்விட்டதாகத் தோன்றும். ஆனால் நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். மாவட்ட எல்லைகளை அடைத்து, பஸ்ஸும் ரயிலும் நின்றபோது அந்த ஊசிக்கு வழி இல்லாமல் போனது.

எங்கள் குழந்தை மருத்துவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. டாக்டரம்மா என்றே எழுதுகிறேன், பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. நான்காம் நாளே சென்னை மருத்துவர்களுடன் பேசி, கடலூர் மாவட்டத்துக் குழந்தைகளின் பட்டியலையும் மருந்து அளவுகளையும் வாங்கிவிட்டார். ஊசியை இங்கேயே போடுவது, சந்தேகம் வந்தால் அங்கே கேட்பது என்று ஏற்பாடு. மாத்திரைகள் பால் வண்டியிலும் கிராம செவிலியர்களின் ஸ்கூட்டரிலும் அண்ணாகிராமம் வரைக்கும் போயின. ஒரு குழந்தைக்கும் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்தது நான் அல்ல. நான் பட்டியலில் டிக் போட்டேன்.

அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு நான் போனில் சொல்லிக்கொடுத்தது இரண்டு. ஒன்று, வெப்பம் பார்க்கும்போதெல்லாம் மணியோடு எழுதி வை. இரண்டு, 100.4ஐத் தாண்டினால் காய்ச்சல் சிரப் கொடுக்காதே, உடனே எனக்குப் போன் போடு. இந்தக் குழந்தைகளுக்கு மருந்தின் வேகத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும். எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இருக்காது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அது தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். தாமதமானால் கிருமி ரத்தத்தில் பரவி, பொழுது சாய்வதற்குள் குழந்தை கை மீறிப் போய்விடும்.

ஆனால் அந்த நாட்களில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு மருத்துவமனை வாசலில் வேறொரு பொருள் இருந்தது. காய்ச்சல் என்றால் இடது பக்கம், கூடாரம். வரிசை, மூக்கில் குச்சி, முடிவு வரும்வரை காத்திருப்பு. 16ஆம் நாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த எங்கள் குழந்தை ஒன்று காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தது. அது எங்கள் குழந்தை என்பதே எங்களுக்கு மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, பிழைத்து, வீட்டுக்குப் போனது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். எங்கள் குழந்தைகள் வரும் நாட்களில் வாசலில் வேப்ப மரத்தடியில் மேசை போட்டுப் பதிவேட்டோடு உட்கார்ந்துகொள்வேன். கூட்டத்தில் எங்கள் குழந்தைகளை அடையாளம் கண்டு கையோடு வார்டுக்கு அழைத்துப் போகலாம் என்பது எண்ணம். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். மேசைக்கு இரண்டு முழம் தள்ளி, நெற்றிக்கு நேரே பிடித்து வெப்பம் பார்க்கும் கருவியோடு காவலாளி நின்றார். அண்ணாகிராமத்துக்காரர். குழந்தைகள் என்றால் அவருக்கு விளையாட்டு.

28ஆம் நாள் காலை, தேவனாம்பட்டினத்துக் குழந்தை அம்மாவோடு வந்தது. மீன் ஏற்றும் குட்டி யானை வண்டியில் வந்திருந்தார்கள். தடைக்காலம் என்பதால் மீன் இல்லை. அம்மாவின் அண்ணன் காய்கறிக்குப் பாஸ் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“கையத் தூக்கு பாப்பா, சுடப்போறேன்” என்றார் காவலாளி.

குழந்தை இரண்டு கையையும் தூக்கியது. “அதுல தோட்டா இல்ல மாமா. போன தபாவே பாத்துட்டேன்.”

“ஒனக்கு வாய் ஜாஸ்தி. எதுல வந்தே?”

“எங்க மாமா வண்டில. கத்திரிக்கா எல்லாம் மீன் வாசம் அடிக்குது.”

“அப்ப கொழம்புக்கு மீனே வாங்க வேணாம்.” கருவியைத் திருப்பி என்னிடம் காட்டினார். 98.4.

நான் பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் குழந்தையின் ஊசி நாள் வியாழக்கிழமை. வந்திருப்பது செவ்வாய். தேதிக்குப் பேர் போன நான் அதைக் கவனிக்காமல் இல்லை.

“வியாழக்கெழமதானேம்மா வரணும்?”

“அண்ணன் வண்டி இன்னைக்குத்தான் சிஸ்டர் இந்தப் பக்கம் வருது.”

நியாயமாகத்தான் இருந்தது. அப்போது எல்லோரும் வண்டி கிடைத்த நாளில்தான் வந்தார்கள். பேனாவை எடுத்தபடியே கேட்டேன். “காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே?”

அவர் காவலாளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பேனாவைப் பார்த்தார். “இல்ல சிஸ்டர்.”

எழுதினேன்.

வார்டில் குழந்தையின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர மதியம் ஆகும். முடக்கத்தில் வண்டிகள் காத்திருக்க முடியாது என்பதால், குழந்தை நன்றாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று சென்னையிலிருந்து அனுமதி வாங்கியிருந்தோம். நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் பதிவேட்டில் என் வரி. ஊசி மருந்தைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன். வெள்ளை அணு இல்லாத, காய்ச்சல் உள்ள ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் ஊசியைப் போட்டு, மீன் வண்டியில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அனுப்பி வைக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்த்தவரை அம்மாக்கள் எல்லோரும் அக்கா என்பார்கள். ஒப்பந்த ஊழியர், என்னைவிட இருபது வயது இளையவர். வெளியிலிருந்து வரும் குழந்தையின் முகக்கவசத்தைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுப் புதியது மாட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. யாரும் அவருக்கு அதற்குமேல் எதுவும் சொல்லித் தந்ததில்லை. அவர் என்னிடம் வந்து, ஒரு துணிக் கவசத்தைக் காதுக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அம்மா தன் புடவைத் துண்டில் தைத்தது. வெளியே நீலப் பூ. உட்பக்கம், வாய் படும் இடத்தில், ரோஜா நிறத்தில் ஒரு கறை. இன்னும் முழுதாகக் காயவில்லை.

“சிஸ்டர், பாப்பா வழியில ஏதோ குடிச்சிருக்குது. ஐஸ்னு நெனச்சேன். எந்தக் கடை தெறந்திருக்குது இப்ப? மோந்து பாத்தேன். சிரப்பு.”

நான் அதை வாங்கவில்லை. நேரே ஊசி அறைக்குப் போய் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனேன். பதிவேட்டை வார்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

“சிரப் எத்தினி மணிக்குக் குடுத்தே?”

அவர் உடனே சொன்னார். கேட்பதற்காகவே காத்திருந்தது போல. “ஏழு அம்பது. புதுச்சத்திரத்துல வண்டிய நிறுத்திக் குடுத்தேன்.” இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையைத் திறந்து, நான்காக மடித்த நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில்: திங்கள் மாலை 6 மணி 99.8. எட்டு மணி 100.6. காலை நாலரை 102. ஏழு ஐம்பது சிரப் ஐந்து மில்லி. ஒவ்வொரு எண்ணுக்கும் மணி இருந்தது.

“நீங்கதானே எழுதி வக்கச் சொன்னீங்க.”

“போன் பண்ணியிருக்கலாமேம்மா.”

“பண்ணா கடலூர்லயே காட்டுன்னுதானே சொல்லணும் நீங்க. அங்க கூடாரத்துல ஒக்கார வப்பாங்க. குறிஞ்சிப்பாடிப் புள்ளைக்கு என்னாச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா? அவுங்கம்மா எல்லாத்துக்கும் போன் போட்டு அழுதுச்சு. கேட்டத் தாண்டுற வரைக்கும் சூடு தெரியக்கூடாதுன்னு அதுதான் சொல்லுச்சு. உள்ள வந்து ஒங்ககிட்ட மட்டும் சொல்லிடலாம்னுதான் வந்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“அந்த ஆளு பக்கத்துல நின்னாரு. நீங்க எழுதிட்டீங்க. எழுதினதுக்கப்பறம் எப்பிடி சிஸ்டர் மாத்திச் சொல்றது?”

அவர் அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லும் குரலும் இல்லை. இருபத்தேழு வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு. மாலையிலிருந்து விடியும்வரை வெப்பமானியோடு உட்கார்ந்திருந்து, வண்டி ஏற்பாடு செய்து, வாசலைக் கடக்க வழி கண்டுபிடித்து, உண்மையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர். அன்று அவர் செய்த தவறு ஒன்றே, காய்ச்சலை மறைத்தது. அந்த ஒன்றையும் எங்கள் கூடாரம்தான் அவருக்குக் கற்றுத் தந்தது.

மணி 10.20. டாக்டரம்மா நாள்காட்டித் தாளை நின்றபடியே படித்தார். மறுபடி வெப்பம் பார்த்தோம், 100.2. சிரப்பின் பிடி தளரத் தொடங்கியிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். விதிப்படி குழந்தை உடனே கூடாரத்துக்குப் போக வேண்டும். போனால் 16ஆம் நாள் நடந்தது திரும்ப நடக்கும். விதியைத் தள்ளிவிட்டு வார்டிலேயே வைக்கவும் முடியாது. ஒருவேளை கொரோனாவாக இருந்தால், பக்கத்துக் கட்டில்களில் எதிர்ப்புச் சக்தி இல்லாத மூன்று குழந்தைகள். இரண்டு பக்கமும் பயப்படுவதற்கு நியாயம் இருந்தது. நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அரை நிமிடம் இருக்கும்.

“வெளயாட்டு ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

வார்டின் கோடியில் குழந்தைகள் விளையாடும் அறை ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. அதற்கு வார்டுக்குள் ஒரு கதவும், வண்டி நிறுத்தும் பக்கம் ஒரு வெளிக்கதவும் இருந்தன. உள்கதவைப் பூட்டியே வைத்தால் அது வார்டும் இல்லை, கூடாரமும் இல்லை. எனக்கு அந்த அறை தினமும் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. சாவி அக்காவிடம் இருந்தது. வாரம் ஒருமுறை யாரும் சொல்லாமலே திறந்து கூட்டித் துடைத்து வைத்திருந்தார். அதனால்தான் பத்தே நிமிடத்தில் அங்கே ஒரு கட்டில் போட முடிந்தது.

குழந்தையை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனோம். சுவரில் வரைந்திருந்த மீனைப் பார்த்து, “இதுக்கு வால் தப்பா போட்டிருக்காங்க” என்றது.

“நல்லா ஆனதும் நீயே திருத்திப் போடு” என்றார் டாக்டரம்மா, கவச உடைக்குள்ளிருந்து.

முதல் மருந்து நரம்பில் ஏறத் தொடங்கியபோது மணி 10.41. அதன் பிறகுதான் தொலைபேசி அடித்தது. காய்ச்சல் பிரிவுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர். டாக்டரம்மா பேசியதை மட்டும் கேட்டேன்.

“டெஸ்ட் எடுக்க மாட்டேன்னு சொல்லல சார். மருந்து ஏறுது. ஏறினதும் நானே எடுத்து அனுப்புறேன்... தெரியும் சார். வார்டுல வக்கல... யாரு அனுமதின்னா, என் பேர எழுதிக்குங்க... இல்ல சார், கோவம் இல்ல. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க, ரூம் நல்லாருக்கு.”

அவர் வந்து பார்த்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வெளிக்கதவுக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அது கண்டிப்பு அல்ல. மறுநாள், 29ஆம் நாள் புதன்கிழமை, அவரே கையெழுத்துப் போட்டு அந்த அறையை இந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கினார்.

மதியம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்த்து நிற்கும் அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. காய்ச்சல் 102.6க்கு ஏறியது. அன்று மாலை ரத்த அழுத்தம் இரண்டு தடவை இறங்கி எங்களை மிரட்டியது. மருந்து பத்து நாற்பத்தொன்றுக்கு ஏறாமல் மாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன். “அந்தக் கணக்கு இப்ப எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். கொரோனா இல்லை என்று முடிவு வந்தது 30ஆம் நாள், வியாழக்கிழமை. காய்ச்சல் முழுதாக விட்டது வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமைதான் காவலாளி வெளிக்கதவு வரை வந்து நின்றார். ஆள் வாடிப்போயிருந்தார்.

“ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு ஓடியாந்திருப்பேனே.”

“சொல்லியிருந்தா அந்தப் பக்கம் கையக் காட்டியிருப்பீங்க அண்ணே.”

காவலாளி, “ஆமா. காட்டியிருப்பேன்” என்றார்.

நான் அந்த நாட்களில் கேட்ட நேர்மையான பேச்சுகளில் அது ஒன்று. அதன்பின் எங்கள் குழந்தைகளுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தோம். அட்டையைக் கண்டால் காவலாளி கருவியை நீட்டாமலே விளையாட்டு அறைப் பக்கம் கை காட்டுவார். காய்ச்சல் இருந்தால் சீக்கிரம் உள்ளே போகலாம் என்று ஆனபோது, காய்ச்சலை மறைக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

நான் செவ்வாய் மாலையே பதிவேட்டைத் திறந்து அந்த வரியை அடிக்கப் போனேன். டாக்டரம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தது தெரியாது.

“அடிக்காதீங்க சிஸ்டர். கீழ எழுதுங்க. மேல உள்ளது அப்பிடியே இருக்கட்டும்.”

எழுதினேன்: “மேற்படி பதிவு தவறு. தாய் காவலாளி முன்னிலையில் கேட்கப்பட்டார். 10.15க்குத் தனியே கேட்கப்பட்டபோது காய்ச்சலும் சிரப் கொடுத்த நேரமும் சொன்னார். எழுத்துச் சான்று உள்ளது.” அந்த நாள்காட்டித் தாளைக் குழந்தையின் கோப்பில் ஒட்டினேன்.

எழுதி வைப்பது நல்ல பழக்கம் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் நம் முன்னால் நிற்பவருக்கு நம் பேனா என்னவாகத் தெரிகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. நீங்கள் கேட்கும் இடத்தையும், யார் காதில் விழும்படி கேட்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் முழுதாக வந்த பிறகு எழுதுங்கள். ‘இல்லையே?’ என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள். நான் கேட்ட கேள்வியிலேயே எனக்கு வேண்டிய பதில் இருந்தது.

அந்தக் குழந்தை சிகிச்சையை முடித்துவிட்டது. போன மார்கழியில் அம்மாவோடு சிதம்பரம் வந்தபோது பார்த்தேன், என் தோள் உயரம் இருக்கிறாள். விளையாட்டு அறைக்குப் போய், சுவரில் மீனின் வாலைத் திருத்திவிட்டுத்தான் போனாள். இப்போது அது இரண்டு கிளையாகப் பிரிந்து சரியாக இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். அந்த மேசையில் உட்கார்ந்து 28ஆம் நாளுக்கு முன் நான் ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதியவை இன்னும் ஒன்பது. 29ஆம் நாளே டாக்டரம்மாவிடம் அவற்றைக் காட்டி, எல்லா வீடுகளுக்கும் பேசினோம். குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். ஆனால் வந்த அன்று காய்ச்சல் இருந்ததா என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்றபின் ஒவ்வொருவரையும் மறுபடி கூப்பிட்டேன். எட்டுப் பேர் பேசினார்கள். ஐந்து பேர் இல்லை என்றார்கள். மூன்று பேர், அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, சிரப் கொடுத்துத்தான் கூட்டி வந்ததாகச் சொன்னார்கள்.

ஒன்பதாவது, 25ஆம் நாள் சனிக்கிழமை, ஆண் குழந்தை, வயது நான்கு, அண்ணாகிராமம். அவர்களுடைய போன் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. குடும்பம் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் ஊசிக்கு அந்தக் குழந்தை வந்ததற்குப் பதிவு இருக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது. ஆகவே அதுவரை நலம். 25ஆம் நாள் வாசலில் நின்றபோது அதற்குக் காய்ச்சல் இருந்ததா, அன்று நான் எழுதியது சரியா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.